மன்றாட்டும் மாத்திரையும்

காரைக்குடியிலிருந்து திருவாரூருக்குப் போகும் ரயில் பாதையில் 'கண்டனூர் புதுவயல்' என்று ஒரு நிலையம் உண்டு. ஒரே பலகையில் இரண்டு ஊர்ப் பெயர்கள். கண்டனூர் என்றால் நகரத்தாரின் பெரிய வீடுகள் நினைவுக்கு வரும். புதுவயல் என்றால் அரிசி ஆலைகள். அந்த வீடுகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களிலும், இந்த ஆலைகளில் இன்று மூட்டை தூக்குகிறவர்களிலும் நம் மக்கள் ஏராளம்.

சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்கள் தொடர்பாக அந்தப் பகுதிக் குடியிருப்பு ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போயிருந்தோம். தெருவின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு. உள்ளே இருபது பேர் இருப்பார்கள். ஜெபம் முடிந்ததும் ஒருவர் எழுந்து நின்றார். நாற்பது வயதைத் தாண்டியவர். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்தது.

"இன்னையோட பதினோரு மாசம். தொடல" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு சிறுவன் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தான். அவருடைய மகன்.

அவர் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. அந்த ஊரிலேயே பிழைக்க வேண்டியவர். ஆனால் நடந்ததை எழுதச் சம்மதித்தார். "நம்ம புள்ளைக படிக்கட்டும் தம்பி, எழுதுங்க" என்றார்.

மூன்றாம் நாள் வந்த 'பேய்'

அவர் குடிக்கத் தொடங்கியது கொண்டாட்டத்துக்கு அல்ல, உடம்பு வலிக்கு. பகல் முழுவதும் மூட்டை. மாலையில் ஒரு குவாட்டர் போட்டால் வலி தெரியாது, தூக்கம் வரும். சில வருடங்களில் காலையிலும் குடித்தால்தான் கை நடுங்காமல் மூட்டையில் கொக்கியை மாட்ட முடியும் என்று ஆனது. சம்பளம் கடைக்குப் போனது. மனைவி நூறு நாள் வேலைக்குப் போய் அடுப்பெரித்தார்.

ஒருநாள் மகன் பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டு வந்தான். அன்றே சத்தியம் செய்து ஒரேயடியாக நிறுத்தினார். முதல் நாள் வியர்வை, நடுக்கம். இரண்டாம் நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்றார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு ஓடினார். முனி அடித்துவிட்டது என்றார்கள் சிலர். பேய் என்றார்கள் சிலர். ஜெபவீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது.

நர்சிங் படிக்கும் அந்தத் தெருப் பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். "சித்தப்பாவுக்குப் பேய் இல்ல. உடனே 108-க்குப் போன் போடுங்க" என்று அவள்தான் கத்தினாள். அவள் அன்று ஊரில் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு முடிவு இருந்திருக்கும்.

இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது. சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதது கண்ணில் தெரியும், காதில் கேட்கும். 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கும். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்துகளும், 'தயமின்' எனும் வைட்டமின் பி1-ம் கொடுத்து மருத்துவமனையில் காப்பாற்றிவிடலாம். நம் தெருக்களில் எத்தனை பேர் இந்த மூன்றாம் நாளில் வேப்பிலையோடும் எண்ணெயோடும் போய்ச் சேர்ந்தார்களோ, கணக்கு எழுதியவர் யாருமில்லை.

இரண்டாவது ஆபத்து

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அவருக்கு மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் தரப்பட்டிருந்தன. குடி அந்தச் சோர்வை இத்தனை நாள் மூடி வைத்திருந்தது. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டார். முகம் தெளிந்தது. அப்போது வெளியூரிலிருந்து ஒரு கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர், "ஆண்டவர் குணமாக்கிட்டாரு. இன்னும் மாத்திரை போட்டா அது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் மாத்திரை அட்டையைக் கண்மாயில் வீசினார்.

சில வாரங்களில் தூக்கம் போனது. பேச்சு நின்றது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இரவும் பகலும் சுற்றியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபவீட்டை நடத்தும் வயதான அம்மாதான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேரே கேட்டார். அவர் தலையாட்டினார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்த அம்மாவே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

அன்றிலிருந்து அந்த ஜெபவீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஜெபம் முடிந்ததும் அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்: "மாத்திரை போட்டியா?" சர்க்கரைக்குப் போடுகிறவர்கள், ரத்த அழுத்தத்துக்குப் போடுகிறவர்கள், மனதுக்குப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அதனால் மனதுக்கு மாத்திரை போடுவது அங்கே வெட்கமில்லை.

அந்த ஊழியக்காரரின் பேச்சுக்கு அவரிடம் என்ன பதில் இருக்கிறது என்று கேட்டோம். நல்ல சமாரியன் கதையைச் சொன்னார். அடிபட்டு வழியில் கிடந்தவனைப் பெரிய மனிதர்கள் விலகிக் கடந்து போனார்கள். தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்ட சமாரியன்தான் நின்றான். காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டுப் போட்டான், தன் கழுதையில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணமும் கொடுத்தான். "மருந்து போட்டவனைத்தான ஏசு நல்லவன்னு சொன்னாரு" என்றார் அந்த அம்மா. இறையியல் கல்லூரிகளில் நடத்த வேண்டிய பாடம் இது.

ஓர் ஓட்டலில் தொடங்கிய கதை

நம்பிக்கைக்கும் குடியை விடுவதற்கும் உள்ள தொடர்பு உலகறிந்தது. 1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் ஓர் ஓட்டலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். வியாபாரம் கைகூடவில்லை. சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தவர். பக்கத்திலேயே மதுக்கூடம், உள்ளிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்பிப்போம் என்று அவருக்குப் பட்டது. அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குத் தொலைபேசினார். அந்தத் தொடர்பு வழியாக பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அவரும் குடியில் மூழ்கியவர். இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். 1935 ஜூன் 10-ஐ 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் பிறந்த நாளாகச் சொல்கிறார்கள். இன்று தமிழ்நாட்டிலும் 'ஏ.ஏ.' என்ற பெயரில் கூடுகிற குழுக்கள் இந்த மரபில் வந்தவைதான்.

இவர்கள் இருவரும் 'ஆக்ஸ்ஃபோர்டு குரூப்' என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போனவர்கள். தவறை ஒப்புக்கொள்வது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது, அடுத்தவருக்கு உதவுவது ஆகிய பழக்கங்கள் அங்கிருந்து வந்தன. ஆனால் குடி ஒரு நோய் என்ற பாடத்தை பில் வில்சன் மருத்துவமனையில் ஒரு மருத்துவரிடம்தான் கற்றார். 1939-இல் ஆக்ரன் நகரின் புனித தாமஸ் மருத்துவமனையில் குடிநோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சைக்கு வழி செய்தவர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி. ஆக, தொடக்கத்திலிருந்தே ஜெபக்கூடமும் மருத்துவமனையும் சேர்ந்தே இருந்தன. பின்னால் இயக்கம் வளர்ந்தபோது எந்த மதமும் கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். அவரவர் உணர்ந்த கடவுள் போதும். சேருவதற்குக் கட்டணமில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

ஜெபித்தவர் கட்டிய மனநல மருத்துவமனை

இந்தியாவிலேயே இதற்கு இன்னும் தெளிவான சாட்சி உண்டு. ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் 1907-இல் அமெரிக்காவிலிருந்து லக்னோவுக்கு வந்த மெதடிஸ்ட் போதகர். காந்தியின் நண்பர். காந்தியைப் பற்றி அவர் எழுதிய நூல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு வழிகாட்டியது. இப்படிப்பட்டவர் இந்தியாவுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே மனமும் நரம்பும் தளர்ந்து விழுந்தார். ஓய்வுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து மீண்டும் விழுந்தார். கடைசியில் ஜெபத்தில்தான் எழுந்து நின்றதாக அவரே சாட்சி சொன்னார்.

அப்படிச் சொன்னவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். ஜெபம் போதும், மருத்துவர் வேண்டாம் என்று பிரசங்கம் செய்யவில்லை. 1950-இல் லக்னோவில் 'நூர் மன்ஸில்' என்ற மனநல மருத்துவமனையை நிறுவினார். தான் விழுந்த குழியில் அடுத்தவன் விழாதிருக்க மருத்துவர்களை அழைத்து வந்தார்.

நம் தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1950-களிலேயே பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல், குடும்பத்தவர் ஒருவர் கூடவே தங்கிக் கவனிக்கும் முறையை அங்கே வளர்த்தார்கள். புத்தி பேதலித்தவன் என்று ஊர் ஒதுக்கியவரின் பக்கத்தில் தாயோ மனைவியோ உட்கார்ந்து சோறு ஊட்டலாம். அந்தக் காலத்தில் அது பெரிய மாற்றம்.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை வேறொரு வழியைக் காட்டியது. கணவரைக் குடியால் இழந்தவர் அவர். மருத்துவமனை நடத்தியதோடு நிற்காமல், திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே சிகிச்சை முகாம் நடத்தினார்கள். கூலியை விட்டுச் சென்னைக்குப் போக முடியாதவனைத் தேடி மருத்துவம் அவன் ஊருக்கே வந்தது. செட்டிநாட்டுப் பகுதிக்கும் தேவைப்படுவது அதுதான்.

சங்கிலி யாருக்கு?

நம்பிக்கையை மட்டும் நம்பி மருத்துவத்தைத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு துயரம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதன் பிறகு ஏர்வாடியிலேயே தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. இது ஒரு மதத்தின் குற்றமில்லை. கோயிலிலும் தர்காவிலும் மாதா கோயிலிலும் கட்டிப்போடப்பட்ட மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உரிமை என்று சட்டமே சொல்லும்போது நம் மக்கள் அதைத் தர்மமாகக் கேட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் குறை

இப்போது நம்மையும் கொஞ்சம் விசாரித்துக்கொள்வோம். குடி நம் தெருவுக்குத் தானாக வரவில்லை. 1983-இல் உருவான டாஸ்மாக் 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் செய்கிறது. விற்பதும் அரசு, மதுவிலக்குப் பிரச்சாரம் செய்வதும் அரசு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சாவு விழுந்த வீடுகளில் பெரும்பாலானவை நம் வீடுகள்தான். இதையெல்லாம் நாம் மேடையில் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் குடித்து விழுந்து கிடக்கும் நம் ஆளுக்கு நாம் என்ன செய்தோம்? "குடிகாரப் பயல்களை வைத்துக்கொண்டு போராட்டம் நடத்த முடியாது" என்று ஒதுக்கினோம். ஜெபவீட்டைப் பார்த்து, "மதம் மாற்றுகிறார்கள்" என்றோ "மூடநம்பிக்கை" என்றோ கேலி பேசினோம். 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அந்த உறுதிமொழியை நாம் துண்டறிக்கையில் அச்சடித்தோம். அதைக் காப்பாற்ற முடியாமல் தவிப்பவனுக்கு ஞாயிறு மாலை உட்கார ஒரு பாய் விரித்தோமா?

ஜெபவீடு விரித்தது. அங்கே அவரை 'டேய்' என்று யாரும் கூப்பிடவில்லை. 'அண்ணே' என்றார்கள். ஆலையில் அவருக்குப் பெயர் இல்லை, ஊருக்குள் மரியாதை இல்லை. இங்கே எழுந்து நின்று பேசினால் இருபது பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஒரு வாரம் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வருகிறது. அற்புதம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம். மனிதனுக்கு மரியாதை கொடுத்து வாரம் தவறாமல் விசாரிக்க ஒரு கூட்டம். அதை இயக்கமும் செய்யலாம், இரவுப் பாடசாலையும் செய்யலாம், மகளிர் குழுவும் செய்யலாம்.

திருச்சபைக்கும் ஒரு வார்த்தை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் உங்களுக்குள் இருந்தார்கள். மரியாதைதான் மருந்தில் பாதி என்றால், தனி வரிசையும் தனிக் கல்லறையும் நோயின் பாதி.

இன்னொரு பயமும் இந்தத் தெருக்களில் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திப்படி, கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்தத் தகுதி கிடைத்தது. கிறிஸ்தவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. "ஞானஸ்நானம் வாங்கினா பையன் சர்டிபிகேட் போயிடுமா?" என்று அந்த அண்ணன் எங்களிடம் கேட்டார். குடியை விட்ட மனிதன் தன் பிள்ளையின் படிப்பை நினைத்துத் தன் மனசாட்சியை மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் சட்டத்தைச் சொன்னோம். எந்தக் கடவுளைக் கும்பிடுவது என்று சொல்லவில்லை. அது அவர் முடிவு.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்

பல வருடக் குடியை ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்த வைக்காதீர்கள். முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று அங்கே கேளுங்கள்.

'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும் மருந்து' என்ற விளம்பரத்தை நம்பிச் சோற்றிலும் காப்பியிலும் எதையும் கலக்காதீர்கள். குடித்தால் ஒவ்வாமல் செய்யும் 'டைசல்ஃபிராம்' போன்ற மருந்தைத் தெரியாமல் சாப்பிட்டவர் மேலே குடித்தால் உயிருக்கே ஆபத்து. அது மருத்துவர் சொல்லி, நோயாளி சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் மட்டும்தான். போதகரோ பூசாரியோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல.

சாகத் தோன்றுகிறதா என்று கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். கேட்பதுதான் காப்பாற்றும். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். 104-இலும் ஆலோசனை கிடைக்கும்.

மீண்டும் குடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சர்க்கரை கூடினால் மருத்துவரிடம் மறுபடி போவதில்லையா, இதுவும் அப்படித்தான்.

அன்று இரவு நாங்கள் கிளம்பும்போது அந்த அண்ணன் தெருமுனை வரை வந்தார். வழியில் அந்த அம்மா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் கேட்டார்: "மாத்திரை போட்டியா?"

"இனிமேத்தான்மா. சாப்பிட்டுட்டுப் போடணும்."

"அப்ப போயிச் சாப்பிடு மொதல்ல. வந்தவங்களுக்கு வழி தெரியும்."